கடல் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்: கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, என் அனுபவம்

எனக்கு 43 வயது. ராமநாதபுரம் கடற்கரையில் பாசி எடுக்கிறவள். அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள் கடல். மற்ற நாட்களில் வீடு, மகளிர் குழு வேலை. எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் போடவில்லை. அங்கே இருக்கிற சிஸ்டருக்கு என்னால் எந்தச் சங்கடமும் வரக்கூடாது.

இரண்டு வருஷமாக எனக்கு வெள்ளைப்படுதல். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஈரத் துணியோடு கிடக்கிறோம், உடம்புச் சூடுதான் என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். மாமியாருக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் மக்களைத் தேடி மருத்துவம் பொண்ணு, "முப்பது வயசு தாண்டின எல்லாருக்கும் பாக்குறாங்க, காசு கிடையாது, வாங்கக்கா" என்று நாலு தடவை கூப்பிட்டது. அஞ்சாவது தடவை போனேன்.

சோதனை ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டிலில் படுக்கச் சொல்லி, வாத்து அலகு மாதிரி ஒரு கருவியை வைத்தார் சிஸ்டர். அதை வெந்நீரில் காட்டி, முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். இரண்டு பிள்ளை பெற்றபோதுகூட யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. பஞ்சில் வினிகர் தொட்டு கர்ப்பப்பை வாயில் தடவிவிட்டு, ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். லேசாக எரிந்தது, வலி இல்லை. நல்ல சதை நிறம் மாறாதாம்; செல்கள் மாறியிருக்கிற இடம் வெள்ளையாகத் தெரியுமாம்.

எனக்கு வெள்ளையாகத் தெரிந்தது. சிஸ்டர் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் நீலப் பேனாவில் ஒரு வட்டம் போட்டு, கடிகாரத்தில் பத்து மணி இருக்கிற இடத்தில் கொஞ்சம் தீட்டிக் காட்டினார். "இது கேன்சர் இல்லம்மா. விட்டா பல வருஷம் கழிச்சு ஆகலாம். இப்பவே பிடிச்சிட்டோம்" என்றார். வெள்ளைப்படுதல் வேறு கிருமியால் வந்தது, அதற்கு மாத்திரை தந்தார். இந்த வெள்ளைத் திட்டு எந்தத் தொந்தரவும் கொடுக்காமல்தான் இருந்திருக்கும் என்று கேட்டபோதுதான் வயிறு கலங்கியது.

இது எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, தாம்பத்தியத்தில் பரவுவது என்றதும் எனக்கு முகம் செத்துவிட்டது. சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணம் ஆன பெரும்பாலானவர்களுக்கு ஒரு தடவையாவது தொற்றும், இரண்டு வருஷத்துக்குள் தானாகவே போய்விடும், சிலருக்கு மட்டும் தங்கிவிடும், எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, இதை வைத்து உன்னையோ உன் வீட்டுக்காரரையோ யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்றார். அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் கூட வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் எனக்கு மனக்குறை. மேல் பரிசோதனைக்கு வெளியூர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கிள்ளிச் சதை எடுத்தார்கள். பத்து நாளில் ரிசல்ட் என்றார்கள். மூன்று தடவை பஸ் ஏறினேன். மூன்றாவது தடவை பார்த்தால், முதல் வாரமே வந்த ரிசல்ட் இனிஷியல் மாறி வேறொருத்தர் ஃபைலில் கிடந்திருக்கிறது. 46 நாள்! "கேன்சர் இல்லைல்ல, அப்புறம் என்ன அவசரம்" என்றார் கவுண்டரில் இருந்தவர். அந்த 46 நாளும் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும். எங்களோடு பாசிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாவது அலைச்சலிலேயே விட்டிருப்பார்கள். அதனால் சீட்டில் பெயர், இனிஷியல், வயது சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். ரிசல்ட் வாங்காமல் விடாதீர்கள்.

ரிசல்ட்டில் சின் 2 என்று இருந்தது. புற்றுநோய்க்கு முந்தைய நிலை. மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் ஓடும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் வழித்து எடுத்தார்கள். தீய்ந்த வாசனை கொஞ்ச நேரம் மூக்கிலேயே நின்றது. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் ஒரு மாதம் கடலில் இறங்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, வீட்டுக்காரரோடு சேரக்கூடாது. எங்களுக்கு ஒரு மாதம் என்றால் 12 நாள் கடலும் போனது. சோதனை இலவசம்தான்; இந்தச் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குழுவில் கடன் எடுத்துச் சமாளித்தேன். சுகாதார நிலையத்தில் பரிசோதனை நாள் வைக்கும்போது அமாவாசை, பௌர்ணமிக் கடல் நாட்களை விட்டு வைத்தாலே எங்கள் ஆட்கள் கூட்டமாக வருவார்கள். அந்த அறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் வேண்டும். சாத்தினால் நிற்காமல் திறந்துகொள்கிறது, சேலை மறைப்பு மட்டும் போதாது.

கல்லூரியில் படிக்கிற என் மகள் போனில் தேடி வாசித்துக் காட்டினாள். இதே வினிகர் சோதனையைத் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2007-இல் முடிவு வந்தது. சோதனைக்குக் கூப்பிட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் சாவு 35 சதவீதம் குறைந்திருக்கிறது. நம்ம ஊர்ப் பெண்களை வைத்தே நிரூபித்த விஷயம் இது. அதைக் கேட்டபிறகுதான் மதினிக்குப் போன் போட்டேன். அவருக்கு 48 வயது, ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

வருகிற புதன்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். அந்த வாரம் கடல் இல்லை. சீட்டு எழுதும்போது இனிஷியலை நானே பக்கத்தில் நின்று சொல்லப்போகிறேன்.