ஆறு வருடம் ஓடிய என் பீர் காய்ச்சும் செட்: எது நின்றது, எதைக் கழற்றினேன்

காய்ச்சும் பாத்திரம், ஆறவைக்கும் சுருள், நொதிக்க வைக்கும் வாளி, குழாய்கள் என்று எல்லாவற்றையும் நானே சேர்த்துக் கட்டி ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடம் மாட்டிய பாகங்களில் இன்று பாதிகூட இல்லை. உடைந்து போனவை குறைவு. குடிக்கிற பானத்தில் இது படக் கூடாது என்று தெரிந்து நானே கழற்றி எறிந்தவைதான் அதிகம்.

என்னை அதிகம் பயமுறுத்தியது பித்தளை வால்வு. பாத்திரத்தின் அடியில் ஓட்டை போட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற சாதாரண வால்வு ஒன்றை மாட்டியிருந்தேன். லேத்தில் எளிதாகக் கடைவதற்காகப் பித்தளையில் கொஞ்சம் காரீயம் (லெட், உடலுக்கு நஞ்சு) கலப்பது வழக்கம். கடையும்போது அது இழுபட்டு மேற்பரப்பில் படிந்துவிடும். வோர்ட் என்கிற மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாறு லேசான புளிப்பு உள்ளது, அதுவும் கொதிக்கக் கொதிக்க அந்த வால்வு வழியாகத்தான் இறங்குகிறது. இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் மட்டுமா குடித்தேன், வந்தவர்களுக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறேனே!

அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. இரண்டு பங்கு வெள்ளை வினிகரும் ஒரு பங்கு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து, பித்தளைப் பாகத்தைக் கழற்றி அதில் போட வேண்டும். கிட்டவே நின்று பார்க்க வேண்டிய வேலை இது. சிறு குமிழிகள் கிளம்பும், மங்கலாக இருந்த பித்தளை சில நிமிடங்களில் வெண்ணெய் மஞ்சளுக்கு வரும். வந்ததும் எடுத்துக் கழுவிவிட வேண்டும். முதல் தடவை நான் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கரைசல் பச்சையாகியிருந்தது, வால்வும் கறுத்திருந்தது. செம்பு கரையத் தொடங்கி, அடியில் இருந்த காரீயம் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசலில் மறுபடி செய்தேன். ஆனால் இதில் போவது மேற்பரப்பில் உள்ள காரீயம் மட்டுமே. பிறகு அரம் வைத்து ராவினால் பழைய கதைதான்.

கடைசியில் மூன்று துண்டாகக் கழற்றக்கூடிய எவர்சில்வர் வால்வுக்கு மாறினேன். பழையதை அறுத்துப் பார்த்தபோது, திறந்து மூட உள்ளே சுழலும் உருண்டைக்குப் பின்னால் பழுப்பாக ஒரு பசை அப்பியிருந்தது. எத்தனை தடவை வெந்நீர் விட்டாலும் அந்த இடத்துக்குப் போகாது. அதனால், கழற்றிக் கழுவ முடியாத வால்வு எந்த உலோகமானாலும் நான் வாங்குவதில்லை.

வோர்ட்டை ஆறவைக்கும் செம்புச் சுருளைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. மங்கலாக உள்ளே போகும், சூடான வோர்ட்டில் ஊறிப் பளபளவென்று வெளியே வரும். கொஞ்சம் செம்பு ஈஸ்ட்டுக்கும் தேவைதான். பச்சைக் களிம்பு மட்டும் இருக்கவே கூடாது, வினிகரில் துடைத்துக் கழுவிய பிறகுதான் இறக்குவேன். நொதித்து முடிந்த பீரில் செம்பு பட விடுவதில்லை, பீர் சீக்கிரம் பழசாகிவிடும். மின்னணு வேலைக்கு வாங்கிய சால்டரால் இணைப்பைப் பற்ற வைப்பது பெரிய தவறு, அதில் பெரும்பாலும் காரீயம் இருக்கும். நான் சுருளின் இரண்டு முனைகளையும் பாத்திர விளிம்புக்கு மேலே வளைத்து, இணைப்பு எல்லாம் வெளியே இருக்கும்படி செய்துவிட்டேன். உள்ளே பற்றவைப்பே இல்லை.

அலுமினியப் பாத்திரத்தைப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். அதன் மேல் தானாகப் படியும் சாம்பல் நிற ஆக்சைடுதான் அதற்குக் காவல். அதைப் பளபளப்பாகத் தேய்க்காமல் விட்டால் போதும். நான் ஒருமுறை சலவைச் சோடா போட்டு வெந்நீரில் ஊற வைத்தேன், குமிழி விட்டுக் கறுத்துப் போனது. அந்த ஆக்சைடு மறுபடி படிய, அதில் வெறும் தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்க வைத்த பிறகே அதை மறுபடி எடுத்தேன்.

எவர்சில்வருக்கு எதிரி வேறு, குளோரின். பிளீச் கலந்த தண்ணீரை ஓர் இரவு அப்படியே விட்டதில் அடிப்பாகத்தில் ஊசி குத்தியது போலப் புள்ளிகள் விழுந்தன. இரும்பு நாரும் வேண்டாம், அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். அப்புறம் காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று சொல்வதை முழுதாக நம்பாதீர்கள். நிக்கல் குறைந்து மாங்கனீசு கூடிய 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. நான் நிக்கல் கூடிய வகையான 304 என்று முத்திரை பார்த்துத்தான் வாங்குகிறேன். துத்தநாகப் பூச்சுள்ள வாளி எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் இந்த வேலைக்குக் கூடாது. புளிப்பு பட்டால் துத்தநாகம் கரைந்து வரும்.

பிளாஸ்டிக்கில் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் அது ஹெச்டிபிஇ என்கிற பிளாஸ்டிக் வகை என்பது மட்டும்தான் தெரியும், உணவுக்கு ஏற்றதா என்பது தெரியாது. கிளாஸும் முள்கரண்டியும் உள்ள குறியைத் தேடுங்கள். பெயின்ட் வந்த வாளி அதே வகைப் பிளாஸ்டிக்காக இருக்கலாம், ஆனால் அதில் என்ன சாயம், முன்பு என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியாதே. புது வாளி வந்தால் வெந்நீர் நிரப்பி, மூடி போட்டு ஓர் இரவு வைப்பேன். காலையில் மூடியைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பேன், பிளாஸ்டிக் வாடை அடித்தால் அந்த வாளி செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடும். கீறலும் முக்கியம். சொரசொரப்பான நாரால் தேய்த்த ஒரு வாளியில் தொடர்ந்து இரண்டு தடவை பீர் புளித்துப்போனது. விரல் நகத்தால் தடவினால் கீறல் தட்டுப்பட்டது, கிருமிகள் அதற்குள் ஒளிந்துகொண்டால் எந்த மருந்தும் எட்டாது. இப்போது மென்மையான துணி மட்டும்தான்.

குழாய் விஷயத்தில் சூடு எவ்வளவு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிவிசி 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். சாதாரண வினைல் குழாயும் கொதிக்கும் சாறு பட்டால் தொய்ந்து போகும். சூடான பக்கம் முழுக்க நான் உணவுத் தர சிலிகான்தான் போட்டிருக்கிறேன். ஆனால் சிலிகான் வழியாக ஆக்சிஜன் ஊடுருவும், அதனால் முடிந்த பீரை அதில் தேங்க விடுவதில்லை. தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடிப்பதையும் நிறுத்திவிட்டேன், அதன் வாடை பீர் வரைக்கும் வருகிறது.

வால்வு, சுருள், பாத்திரம் மூன்றும் இப்போது எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடுகின்றன. பாத்திர ஓட்டையில் இருக்கும் சிலிகான் வளையம் மட்டும் லேசாக வெடிக்க ஆரம்பித்திருக்கிறது. அடுத்த தடவை பீர் காய்ச்சுவதற்கு முன் அதை மாற்றிவிட வேண்டும்.