மாமரக் கவாத்துக்கு ஆள் அனுப்பும் செயலியை நம்பி 28,500 ரூபாய் போனது, இந்த வருஷப் பூவும் போனது

நேற்று தோட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமரமெல்லாம் பூத்து நிற்கிறது. வேலி ஓரம் போனாலே வாசனை, ஈயும் தேனீயும் மொய்க்கிற சத்தம். வேலிக்கு இந்தப் பக்கம் என்னுடைய 38 மரங்கள். ஒன்றில்கூட ஒரு பூங்கொத்து இல்லை. வெட்டின இடத்திலெல்லாம் செம்பு நிறத்தில் தளிர் தொங்குகிறது, அவ்வளவுதான். இன்னொருவர் இப்படி மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எந்த மரத்தை எப்போது வெட்ட வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு. அப்பா 1998-ல் வைத்தது. பெரும்பாலும் பெங்களூரா ரகம், ஓரத்தில் கொஞ்சம் நீலமும் செந்தூராவும். அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. நான் வேலை பார்ப்பது ஓசூரில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்துக்கு வருவேன். மரமெல்லாம் கிளையோடு கிளை பின்னி, உள்ளே வெயிலே விழாமல் இருட்டிக் கிடந்தது. கவாத்து பண்ணியாக வேண்டும், அதாவது கிளைகளைக் கழித்துவிட வேண்டும் என்பது எனக்கே தெரிந்தது. எப்போது என்பதுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் ஆள் அனுப்புகிற செயலி ஒன்றில் விளம்பரம் வந்தது. பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். 'மழைக்காலச் சலுகை, பழமரக் கவாத்து, 90 நாளில் பூ உத்தரவாதம்' என்று போட்டிருந்தார்கள். நவம்பர் கடைசி அது, நல்ல கார்த்திகை. ஒரு மரத்துக்கு 750 ரூபாய், 38 மரத்துக்கு 28,500.

நான் எந்த இடத்தில் விழுந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். பார்க்க வந்த மேற்பார்வையாளர் பேசவே இல்லை முதலில். மரத்தடியில் போய் நின்று, அடிமரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா வெச்சதா சார்? வளர்த்த விதத்துலயே தெரியுது" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அதற்கப்புறம் அவர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். "மழைக்காலத்துல வெட்டுறதா?" என்று ஒரு தடவை கேட்கத்தான் செய்தேன். "ஈரம் இருக்கும்போது வெட்டினாத்தான் சார் சீக்கிரம் துளிர்க்கும். துளிர் வந்தா பூ வந்த மாதிரிதான்" என்று சொல்லி, செல்போனில் நாலைந்து படம் காட்டினார். வெட்டுவதற்கு முன், வெட்டின பின், பூவும் பிஞ்சுமாய். அங்கேயே 10,000 முன்பணம் கொடுத்துவிட்டேன்.

நாலு பேர், இரண்டு மோட்டார் ரம்பம், இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். மரத்தைச் சுற்றிலும் எல்லா நுனியையும் முழ நீளத்துக்கு ஒரே மட்டமாக வெட்டித் தள்ளினார்கள். பெரிய கிளைகளை மேலிருந்தே அறுத்தார்கள். பாதி அறுபட்டதும் கிளை தன் பாரத்தில் முறிந்து, கூடவே அடிமரத்துப் பட்டையையும் ஒரு சாண் உரித்துக்கொண்டு விழுந்தது. இப்படி ஏழு மரத்தில். வெட்டுவாயில் ஏதாவது தடவணுமா என்று கேட்டேன். "மரம் தானா ஆத்திக்கும் சார்." மீதி 18,500-ஐயும் அன்றைக்கே அனுப்பினேன். மொத்தம் 28,500.

ஊருக்குப் போயிருந்த அம்மா அடுத்த வாரம் வந்து பார்த்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "கார்த்திகையில எவனாவது மாமரத்துல கை வைப்பானா? உங்கப்பா காய் இறக்கி முடிச்சு, ஆவணியில தானேடா கழிப்பாரு" என்றார். வெட்டுவதற்கு முன்னால் ஒரு போன் செய்து அம்மாவிடம் கேட்டிருந்தால் போதும். அதை நினைத்தால்தான் இன்னும் வலிக்கிறது.

ஜனவரி முதல் வாரம் சுற்றிலும் பூக்க ஆரம்பித்தது. என் மரத்தில் தளிர் மட்டும். அந்த மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். "தளிர் வந்திருக்குல்ல சார், அப்ப வேலை சரியாத்தான் நடந்திருக்கு" என்றார். பத்து நாள் கழித்து மறுபடியும் செய்தேன். "உரம் என்ன போட்டீங்க? உரம் போடாம நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். வெட்டின அன்றைக்கு உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது தடவை, "இந்த வருஷம் மழை ஜாஸ்தி, அடுத்த வருஷம் ரெண்டு மடங்கா காய்க்கும்." அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

சரி, செயலியிலேயே புகார் போடுவோம் என்று போட்டேன். 'சேவை முடிந்த 7 நாட்களுக்குள் புகார் அளிக்கப்படவில்லை' என்று சொல்லி மூடிவிட்டார்கள். 90 நாளில் பூ என்று உத்தரவாதம் கொடுத்துவிட்டு 7 நாளில் எப்படிப் புகார் கொடுப்பது? திரும்பவும் எழுதினேன். அடுத்த சேவைக்கு 500 ரூபாய் தள்ளுபடி தருகிறார்களாம். 28,500 போனவனிடம் 500 ரூபாய் தள்ளுபடி! அடுத்த சேவைக்கு யார் கூப்பிடப் போகிறார்கள் இவர்களை?

வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் போய்ச் சொன்னதும், ஓர் அலுவலர் நேரில் வந்து பார்த்தார். அரை மணி நேரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. மாமரம் முற்றின கொப்பின் நுனியில்தான் பூக்கும். காய் இறக்கினதும் ஆவணி, புரட்டாசியில் விடுகிற தளிர், மார்கழிக்குள் கரும்பச்சையாக முற்றி, அந்தக் குளிரில் மொட்டாக மாறுகிறது. இவர்கள் கார்த்திகையில் வெட்டிப்போட்டது அந்த முற்றின நுனியைத்தான். அதாவது, பூக்கத் தயாராக இருந்ததைக் காசு கொடுத்து நானே வெட்டியிருக்கிறேன். இப்போது வந்திருக்கிற தளிர் முற்ற இன்னும் சில மாதம் வேண்டும், அதற்குள் குளிர் போய்விடும். "இந்த வருஷம் பூவை மறந்துடுங்க தம்பி" என்றார்.

'துளிர் வந்தால் பூ' என்பது எங்கிருந்து வந்தது என்றும் அவர்தான் சொன்னார். கொய்யாவில் அது சரி, கொய்யா புதுத் தளிரிலேயே பூக்கும். வீட்டுக்கு வந்து, அந்த ஆள் எனக்கு அனுப்பியிருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலைகள் எதிரெதிராக, நரம்பு புடைத்துக்கொண்டு, பிஞ்சின் நுனியில் காய்ந்த புல்லிதழ் ஒட்டிக்கொண்டு. அத்தனையும் கொய்யா மரம்! பிறந்ததிலிருந்து மாமரத்தைப் பார்த்து வளர்ந்தவன், அன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன்.

பட்டை உரிந்த ஏழு மரத்தில் மூன்றில் பிசின் வடிகிறது. இரண்டில் வெட்டின கிளை பின்னோக்கிக் காய்ந்துகொண்டே வருகிறது. மழை ஈரத்தில் ஆறாத காயத்தில் பூசணம் இறங்கியிருக்கிறது என்றார் அந்த அலுவலர். வழக்கமாக வருகிற குத்தகைக்காரர் போன வாரம் வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு, "எதைப் பார்த்து நான் விலை சொல்றது?" என்று கிளம்பிவிட்டார். அந்த நஷ்டம் 28,500-க்கு மேல் தனி.

எழுத எழுதக் கோபம்தான் வருகிறது, அதனால் விவரமாக எழுத முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பக்கம் மாமரக் கவாத்து ஆகஸ்ட், செப்டம்பரில், காய் இறக்கின பிறகு. பின்னிக்கொண்ட கிளை, காய்ந்தது, நோய்ப்பட்டது, உள்ளே வெயிலை மறைப்பது, இவற்றை எடுத்தால் போதும், உள்கிளைக் கவாத்து மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. சுற்றிலும் மட்டமாக வெட்டுகிறேன் என்று அந்த மாதங்களைத் தாண்டி யாராவது வந்தால் ரம்பத்தை இறக்கவே விடாதீர்கள். கொய்யாவுக்கு செப்டம்பர்-அக்டோபரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும் நுனியை 10 முதல் 15 செ.மீ. வெட்டுவார்கள், அந்தக் கணக்கை மாவுக்குப் போடாதீர்கள்.

பெரிய கிளையை முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுக்கச் சொல்லுங்கள், பட்டை உரியாது. வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், இரும்புப் பாத்திரம் கூடாது. உத்தரவாதம் என்று சொன்னால் எழுத்தில் வாங்குங்கள், முழுப் பணத்தையும் அன்றைக்கே கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டர் 1800-180-1551-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பதில் சொல்வார்கள், காசு கிடையாது.

நான் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் கொடுத்த ரசீது, 90 நாள் விளம்பரத்தின் படம், கொய்யாப் படங்கள், எல்லாம் சேர்த்து அனுப்பியாயிற்று. 28,500-ம் திரும்ப வருகிற வரை விடப்போவதில்லை. நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். அந்த ஏழு மரத்துக்கும் பசை தடவ வேண்டும்.