மாசி மாதத்தில் அருவி விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "ஒரே நாளில் மூன்று அருவி, சின்ன மலையேற்றம், வயதானவர்களும் வரலாம், செட்டிநாட்டுச் சாப்பாடு, தலைக்கு 1,350 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் சுற்றுகிறது. ஆறு பேர் போய் ஏமாந்து வந்தோம். பெயர் போடவில்லை. அந்த ஆள் மாதத்துக்கு ஒரு பெயரில் போஸ்டர் அடிக்கிறார். ஒன்றைச் சொன்னால் அடுத்ததில் நீங்கள் மாட்டுவீர்கள்.

வீட்டில் மாசிப் படைப்பு, முன்னோர்களுக்குப் படையல் போடும் நாள். சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சொந்தபந்தங்கள் வந்திருந்தார்கள். ஆயிரம் ஜன்னல் வீடு, கானாடுகாத்தான், பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பது எல்லாம் காட்டியாயிற்று. மிச்சம் இருந்த ஒரு நாளுக்கு அயித்தை மகன்கள் தண்ணீர் கேட்டார்கள். நம் பக்கம் தண்ணீர் என்றால் ஊருணியும் கண்மாயும்தான். முற்றத்தில் விழும் மழையை அண்டாவில் பிடித்து வைத்து வளர்ந்தவனிடம் அருவிப் படத்தைக் காட்டினால், கை தானாக கூகுள் பே பக்கம் போய்விடுகிறது. 4,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன்.

அப்பச்சி அப்போதே கேட்டார்: "ஏப்பா, மாசியில எந்த அருவியில தண்ணி விழுது?"

"வருஷம் பூரா விழுமாம் அப்பச்சி. கபிலரே பாடியிருக்காராம்" என்றேன். போனில் அந்த ஆள் சொன்னதுதான். பாரியின் பறம்பு மலையில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அருவி இறங்கும் என்று கபிலர் பாடியது உண்மை. நம் பிரான்மலையைத்தான் பறம்பு மலை என்கிறோம். ஆனால் அது வள்ளலைப் புகழ வந்த பாட்டு, வானிலை அறிக்கை இல்லை. இது எனக்கு மறுநாள் சாயங்காலம்தான் உறைத்தது.

காலை 5 மணிக்கு வர வேண்டிய ஏசி வேன் 6.40க்கு வந்தது. ஏசி இல்லை. அதைவிட முக்கியம், நம்பர் பலகை வெள்ளை. வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை இருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியில் காசு கொடுத்து ஏறிப் போய் ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஏறினேன். ஆயாவும் அயித்தையும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள், பிள்ளைகள் தொப்பி எல்லாம் போட்டு நின்றார்கள். வண்டி கிளம்பியதும் மீதி 4,100 ரூபாயையும் வாங்கிக்கொண்டார்கள்.

சிங்கம்புணரி, நத்தம் தாண்டி சிறுமலை அடிவாரத்தில் முதல் "அருவி". முள்ளுக்குள் முக்கால் மணி நேரம் நடந்தோம். போய்ச் சேர்ந்தால் ஒரு கரும்பாறை. அதில் தண்ணீர் வழிந்த தடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. கீழே குழியில் பச்சைத் தண்ணீர், அதில் பாட்டில்கள். "நேத்து வரைக்கும் விழுந்துச்சு சார்" என்றார் வழிகாட்டி. குழியில் கால் வைத்த அயித்தையின் சின்ன மகனுக்குக் கண்ணாடி குத்தி ரத்தம் நிற்கவில்லை. முதலுதவிப் பெட்டி கேட்டதற்கு டிரைவர் வண்டி துடைக்கும் துணியை நீட்டினார். நத்தம் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கட்டுப் போட்டு டிடி ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.

அடுத்தது மலையைச் சுற்றிக்கொண்டு வாடிப்பட்டி பக்கம் குட்லாடம்பட்டி, தாடகை நாச்சியம்மன் அருவி. உண்மையான அருவிதான், மழைக்காலத்தில் நன்றாக விழும். 2018 கஜா புயலில் பாதை சேதமாகி வருடக்கணக்கில் ஆட்களை விடாமல் இருந்த இடம். போஸ்டர்க்காரர் அதையெல்லாம் சொல்லவில்லை. "வனத்துறைக் கட்டணம்" என்று வழிகாட்டி தலைக்கு 100 வாங்கினார், ரசீது கேட்டால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். வழியில் நின்ற வனக்காவலர் எங்களைப் பார்த்ததுமே தலையாட்டினார். "தீ காலம்யா இது. 2018 மார்ச்சுல குரங்கணியில என்ன ஆச்சுன்னு தெரியும்ல? அனுமதி இல்லாம ஒரு ஆளைக்கூட விட மாட்டேன். நூறு ரூபாயா? யாருகிட்ட குடுத்தீங்க?" வழிகாட்டி அந்த நேரம் பார்த்து போன் பேசப் போய்விட்டார்.

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றது பொட்டலம் கட்டிய லெமன் சாதம், ஆறிப்போனது. ஆயா தூக்குச் சட்டியில் கொண்டுவந்த சீப்புச் சீடைதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

மூன்றாவது, திரும்பும் வழியில் பிரான்மலைப் பக்கம் "ரகசிய அருவி". அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்து, "ஐப்பசியில மழை பெஞ்ச மறுநாளு வாங்க, ஒரு ரெண்டு நாளைக்கு ஒழுகும்" என்றார். வண்டிக்குத் திரும்பியதும் அயித்தையின் பெரிய மகன் போஸ்டரில் இருந்த படத்தைப் போனில் தேடிப் பார்த்தான். கொல்லிமலை ஆகாய கங்கை! ஆயிரத்துக்கு மேல் படி இறங்க வேண்டிய, நாமக்கல் மாவட்டத்து அருவி.

போஸ்டர்க்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "தண்ணி விழறது இயற்கை சார், நான் என்ன பண்றது?" இந்த வாதத்தில் மயங்காதீர்கள். குற்றாலத்துக்குச் சாரல் ஆனி, ஆடியில். சிறுமலை மாதிரி நம் பக்கத்து மலைகளுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். மாசியில் வற்றியிருக்கும் என்பது அருவி விற்கிறவருக்குத் தெரியாதா? முன்பணம் அனுப்பும் முன், அந்த வாரம் எடுத்த வீடியோவைக் கேளுங்கள். தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். காட்டுக்குள் நடக்க ஆசை என்றால், வனத்துறையே 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து ஆன்லைனில் முன்பதிவு வைத்திருக்கிறது. அதில் தேதி இல்லை என்றால், அந்தப் பாதையில் அன்றைக்கு விட மாட்டார்கள் என்று அர்த்தம்.

என் எண்ணை அவர் பிளாக் செய்த பிறகு, நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், போஸ்டர், வண்டி எண் தெரியும் படம் எல்லாம் இருந்தது நல்லதாயிற்று. பத்து நாள் கழித்து 3,000 ரூபாய் வந்தது. மொத்தம் போனது 8,700.

நேற்று வேறொரு குரூப்பில் அதே ஆகாய கங்கை படம், புதுப் பெயர், தலைக்கு 1,199, பங்குனி இரண்டாவது ஞாயிறு. "தண்ணீர் விழுகிறதா?" என்று மட்டும் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.