ஆற்றோர மலைப்பயணம் என்று கூப்பிட்டால் அனுமதிச் சீட்டை வாங்கிப் படியுங்கள்

"பொதிகை மலை, ஆற்றோரப் பயணம், வனத்துறை அனுமதியுடன்" என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டுத் தலைக்கு 3,500 ரூபாய் வாங்கும் ஒரு ஆள் நெல்லையில் கிளம்பியிருக்கிறார். ஐப்பசியில் நண்பர்கள் சேர்ந்து பணம் கட்டிப் போனோம். முழுசாகத் திரும்பியதே பெரிய விஷயம்.

எந்த ஓடை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறே அங்கே நாலு பேர் நிற்பார்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள், பாதையே இல்லாத இடம். அனுமதி எங்கே என்று கேட்டதற்கு, வழிகாட்டியாக வந்த பையன் மடித்த காகிதம் ஒன்றை ஆட்டிக் காட்டிவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவனிடம் கயிறுகூடக் கிடையாது. மலை ஏறின கொஞ்ச நேரத்திலேயே போன் சிக்னல் போய்விட்டது.

காலையில் முழங்கால் தண்ணீரில் கல் கல்லாக மிதித்து அக்கரை போனோம். மதியம் திரும்பும்போது எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில், மேற்கே உச்சி மட்டும் கறுத்துக் கிடந்தது. தெளிந்து ஓடிய தண்ணீர் முதலில் லேசாகக் கலங்கியது. அப்புறம் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன, ஆற்றின் சத்தம் கனத்தது. இரண்டு பக்கமும் பாறை நெருக்கும் இடத்தில் வெள்ளத்துக்குப் பரவ வழியில்லை, மேலேதான் ஏறும். காலையில் மிதித்த கற்கள் கண்ணெதிரே முங்கின.

அந்த நேரத்தில் பையன், "ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி, கையைக் கோத்துட்டு இறங்கிருவோம்" என்கிறான்! துறைக்குக் கீழேயே கசம். மேலே அசையாத பச்சைத் தண்ணீர், அடியில் பாறைப் பொந்துக்குள் இழுக்கும் சுழல். எங்களோடு வந்த சேரன்மகாதேவிக்காரர், ஆற்றிலேயே வளர்ந்தவர், "ஏல, சும்மா இருல. தண்ணி வடியட்டும்" என்று அதட்டி எல்லோரையும் மேட்டுப் பாறைக்கு ஏற்றினார். மழை விட்டால் மலையாறு சீக்கிரம் வடியும் என்பது அவர் கணக்கு. இருட்டும் நேரத்தில் வடிந்தது. அதுவரை காலெல்லாம் அட்டை, பக்கத்திலேயே ஈரம் காயாத யானை லத்தி.

கீழே வனக்காவலர்கள் அந்தக் காகிதத்தைப் பிரித்தபோதுதான் நாங்களும் படித்தோம். மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் அருவிக்குப் போக வாங்கிய நுழைவுச் சீட்டு! வண்டி எண் இருந்தது, ஆள் கணக்கு இருந்தது, மலையேற்றம் என்று ஒரு எழுத்து இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அபராதம் எங்கள் தலையில் விழுந்தது, பையன் அழுதான். ஏற்பாடு செய்தவரோ போனை அணைத்துவிட்டார். மறுநாள், "இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பில்லை, பணம் திரும்பாது" என்று ஒரு செய்தி, அதோடு பிளாக்.

காட்டுக்குள் நடக்க ஆசையிருந்தால், 2024 அக்டோபரில் அரசே 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 வழித்தடங்களைத் திறந்து ஆன்லைனில் பதிவு வைத்திருக்கிறது. தனியார் யாராவது கூப்பிட்டால் அனுமதிச் சீட்டில் வழித்தடமும் தேதியும் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மலை ஓடைக்குள் கூட்டிப் போகிறேன் என்பவரிடம் சீட்டுகூடக் கேட்க வேண்டாம், போகவே போகாதீர்கள்.

அதே ஆள் இப்போது வேறு பெயரில் கார்த்திகைக்கு ஆள் சேர்க்கிறார். விளம்பரப் படத்தில் சிவப்புச் சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பது நான்தான்.