எட்டு ஞாயிறு, ஒரு சொல்: மாமல்லபுரத்தில் கல்லெழுத்து வகுப்பு

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையில் வரிசையாக இருக்கும் சிற்பப் பட்டறைகளுள் ஒன்றில், கல்லில் எழுத்து வெட்டுவதற்கு வெளியாட்களுக்கும் வகுப்பு நடத்துகிறார்கள். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலை ஏழரை மணி முதல் பகல் பன்னிரண்டரை வரை. கட்டணம் 9,500 ரூபாய். கல், உளி, சுத்தியல் எல்லாம் பட்டறையைச் சேர்ந்தவை. வெட்டி முடித்த கல்லை மட்டும் நாம் எடுத்துச் செல்லலாம். தை மாதத்தில் சேர்ந்து மாசி முடிவதற்குள் வகுப்பை நிறைவு செய்தேன். சில குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உளியைப் பழக வேண்டும் என்று விரும்புபவர்கள் தயங்காமல் சேரலாம், எழுத்தைப் பழகலாம் என்று எண்ணிச் சேர்பவர்கள் பாதி வழியில் தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

நான் அச்சகம் ஒன்றில் நெடுங்காலமாகப் பக்க வடிவமைப்பு செய்து வருபவன். எழுத்துருக்களைத் திரையில் நகர்த்துவதே என் பிழைப்பு. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு ‘நிழல்’ என்று பெயர் வைத்து, அதை வாசலில் பதிப்பதற்குக் கல் தேடிப் போனபோது, கடைகளில் காட்டியவை எல்லாம் கண்ணாடி போல் மெருகேற்றிய கிரானைட்டில் இயந்திரத்தால் மணலைப் பீய்ச்சி அரித்து, பள்ளத்தில் தங்க நிறம் பூசிய பலகைகள்தாம். அடிக்கல் நாட்டு விழாக்களில் திரையை விலக்கித் திறந்துவைப்பார்களே, அதே வகை. அவற்றில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நிறம் உதிர்ந்த பிறகு அவற்றைப் படிப்பதற்குப் படும் பாட்டைப் பல அலுவலகச் சுவர்களில் பார்த்திருக்கிறேன். அந்த எரிச்சல்தான் என்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏற வைத்தது.

முதல் இரண்டு வாரங்களில் எழுத்து என்ற பேச்சே இல்லை. எங்களுக்குக் கற்பித்தவர் அறுபதைக் கடந்த ஒரு ஸ்தபதி. மாணவர்கள் அனைவரையும் ‘சார்’, ‘அம்மா’ என்றே அழைப்பார், நாங்கள் அவரை ‘ஐயா’ என்போம். கிடந்த கற்களைச் சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்கச் சொன்னார். வெண்கல மணி போல் ஒலிக்கும் கல்லையும் மந்தமாக ஒலிக்கும் கல்லையும் பிரித்து வைக்கவே ஒரு காலைப்பொழுது ஆயிற்று. ஆண் கல், பெண் கல் என்று சிற்ப மரபு கூறும் பாகுபாட்டை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டு, “உள்ளே விரிசல் இருந்தா ஓசை காட்டிக் குடுத்துரும், அது போதும் நமக்கு” என்று முடித்துக்கொண்டார். கல்லின் நீரோட்டம், அதாவது உள்ளே ஓடும் வரி, எந்தத் திசையில் செல்கிறது என்பதை மட்டும் நனைத்துக் காட்டி, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்.

இந்த வட்டாரக் கருங்கல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. இதில் ஒரு வகையை நிலவியலாளர்கள் சார்னோகைட் என்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்குக்குக் கல்கத்தாவில் வைத்த கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லைக் கொண்டே பாறைக்கு அவர் பெயரை இட்டார்கள். ஒரு பாறைக்குப் பெயர் கிடைத்ததே அதில் எழுத்து வெட்டப்பட்டதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் வாரத்தில் கையில் கொப்புளம் எழும்பியிருந்தபோது அது சற்று ஆறுதலாக இருந்தது.

இந்த வகுப்பின் மிகச் சிறந்த பகுதி மூன்றாம் வாரத்து உலைக்களம். பட்டறையில் இப்போது பெரும்பாலும் கார்பைடு முனை வைத்த உளிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்; அவற்றைச் சாணைக் கல்லில் தீட்டினால் போதும். ஆனால் ஐயா பழைய எஃகு உளிகளையே எங்கள் கையில் கொடுத்தார். கருங்கல்லில் அந்த முனை சிறிது நேரத்திலேயே மழுங்கிவிடும். அதை அடுப்புக்கரி உலையில் செந்நிறமாகக் காய்ச்சி, பட்டடையில் அடித்து முனை கூட்டி, நுனியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, கருகிய மேற்பரப்பைக் கல்லில் தேய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தண்டில் மிச்சமிருக்கும் சூடு நுனியை நோக்கி மெல்ல இறங்கும்போது உலோகத்தின் மேல் நிறங்கள் நகரும். வைக்கோல் நிறம் நுனியைத் தொடும் நொடியில் முழுவதையும் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும். இதற்குத்தான் தோய்ச்சல் என்று பெயர். ஒரு நொடி முந்தினால் முனை கண்ணாடி போல் உடைகிறது. நீலம் வரும் வரை விட்டுவிட்டால் முனை மடங்குகிறது. நான் ஐந்து உளிகளை நாசமாக்கினேன். ஐயா ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் உடைந்த முனையை என் உள்ளங்கையில் வைத்து, உடைப்பில் தெரியும் மணியை, அதாவது உலோகத்தின் நுண்துகள்களை, பார்க்கச் சொல்லிவிட்டு மறுபடி துருத்தியடியில் உட்கார வைத்தார். கட்டணத்தில் பாதி இந்த ஒரு காலைப்பொழுதுக்கே தகும் என்பது என் கணக்கு.

வெட்டும் முறையைச் சொல்லித்தருவதிலும் குறையில்லை. சுத்தியல் விழும் உளித்தலையைப் பார்க்கக் கூடாது, முனையைத்தான் பார்க்க வேண்டும். கோட்டின் நடுவில் முதலில் பள்ளம் பறித்து, பிறகு இரு கரைகளையும் நடுவை நோக்கியே இறக்க வேண்டும், கரையை நோக்கி வெளிப்பக்கமாக ஒருபோதும் அடிக்கக் கூடாது. அடித்தால் கரையோடு ஒரு சில்லு பெயர்ந்து பறக்கும், அதை ஒட்டவைக்க வழியில்லை. திரையில் ஒரு விசையை அழுத்தினால் செய்ததெல்லாம் மீண்டுவிடும் என்று பழகிய எனக்கு இது கொஞ்சம் கடுமையான பாடம். கருங்கல்லைச் சீவ முடியாது என்பதும் கையில் படிந்த பிறகுதான் புரிந்தது. உளி அதை மணி மணியாக நொறுக்குகிறது. ஒவ்வோர் அடிக்கும் சிட்டிகைப் பொடி விழுகிறது, அவ்வளவே. தெருவில் ‘அம்மி கொத்தலையோ’ என்று கூவிக்கொண்டு வருபவர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகும் வேலையை இனி அலட்சியமாகப் பார்க்க மாட்டேன்.

நான்காம் வாரத்தில் எழுத்துக்கு வந்தார்கள்; சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. மாணவர் சொல்லும் சொல்லை அலுவலகக் கணினியில் ஏதோ ஓர் எழுத்துருவில் தட்டி, தாளில் அச்சிட்டு, கார்பன் தாள் வைத்துக் கல்லில் ஒற்றி எடுத்து, அதன் மேல் செங்காவியால் வரைந்துகொள்ளச் சொல்கிறார்கள். எழுத்துரு எது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கொடுத்த தாளில் இருந்தது செய்தித்தாள் தலைப்புகளுக்கு ஏற்ற, தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் எழுத்து. ‘நி’யின் மேல்வளைவு முடியும் இடத்தில் கோட்டின் அகலம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. என் கையில் இருந்த கல்லிலோ சில மணிகளே 2, 3 மில்லிமீட்டர் இருந்தன. மணியைவிட மெல்லிய கோட்டை அந்தக் கல்லில் எப்படி நிறுத்துவது? ஐயாவிடம் கேட்டபோது, “பெயின்ட் அடிச்சா தெரியாது சார்” என்றார். அவர் சொன்னது பட்டறையின் அன்றாட நடைமுறை. ஆனால் பெயின்டிலிருந்து தப்பிக்கத்தானே நான் அங்கே போயிருந்தேன்!

அந்த வாரம் உத்திரமேரூருக்குப் போனேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காகப் பலர் பார்க்கிறார்கள். நான் எழுத்தின் கோடுகளை மட்டும் பார்த்தேன். ஆயிரத்து நூறு ஆண்டு ஆகியும் படிக்க முடிகிற அந்த எழுத்துகளில் தடிப்பு, மெலிவு என்ற விளையாட்டே இல்லை. கோடு எங்கும் ஏறத்தாழ ஒரே அகலம். வளைவுக்குள் அடைபடும் இடம் உடையாமல் நிற்கும் அளவுக்குத் திறந்திருக்கிறது. மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் தானும் தன் அக்கனும் (தமக்கையும்) பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் ‘கல்லிலே வெட்டுக’ என்று இராசராசன் ஆணையிட்டானே, அந்த ‘வெட்டுக’ என்ற சொல்லின் முழுப் பொருள் அந்தச் சுவரருகில் நிற்கும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஓலையில் கீறும் எழுத்தும் தாளில் எழுதும் எழுத்தும் வேறு. உளிக்கு என்று ஒரு வடிவம் இருக்கிறது. அதைச் சொல்லித்தர இந்த வகுப்பில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. ஐந்து ரதங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. தருமராச ரதத்தில் பல்லவ மன்னனின் பட்டப்பெயர்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. மாணவர்களை ஒரு முறை அங்கே நடத்திக் கூட்டிச் சென்றிருந்தால்கூட நூறு வார்த்தை மிச்சமாகியிருக்கும்.

ஐந்தாம் வாரம் நானே தாளில் வரைந்த எழுத்தோடு போனேன். கோட்டின் அகலம் எங்கும் 9 மில்லிமீட்டர், ஆழம் 3. ஐயா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, ழகரத்தின் கீழ்வால் சுழியை நெருங்கும் இடத்தை நகத்தால் கீறிக் காட்டி, “இங்க இன்னும் ஒரு விரக்கடை விடுங்க, இல்லேன்னா நடுவுல நிக்கிறது பேந்துரும்” என்றார். ஒரு விரற்கடை அதிகம் என்று நினைத்துப் பாதிதான் விட்டேன். ஆறாம் வாரம் பதினோரு மணி அளவில், அவர் நகம் பட்ட அதே இடத்தில் அரிசி அளவுச் சில்லு தெறித்தது. எழுத்தைக் கற்றுத்தரத் தெரியாதவர் என்று மனத்துக்குள் அவரைப் பற்றி நான் எழுதி வைத்திருந்ததை அன்றைக்குத் திருத்திக்கொண்டேன்: தெரியாமல் இல்லை, பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. மாணவர் கேட்டால் அவர் வாயிலிருந்து வருகிறது. கேட்பதற்கு மாணவருக்கு முதலில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

புள்ளியிலும் சறுக்கினேன். ‘ல்’லின் தலையில் உளியைச் செங்குத்தாக நிறுத்தி, ஒவ்வோர் அடிக்கும் சிறிது திருகிக்கொண்டே மெல்லத் தட்ட வேண்டும். மூன்று எழுத்து வெட்டிவிட்ட தைரியத்தில் நான் ஓங்கித் தட்ட, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குப் பள்ளம் விழுந்தது. பக்கத்துப் பலகையில் தன் பேரனின் பெயரை வெட்டிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எட்டிப் பார்த்து, “பழைய காலத்துல புள்ளியே வைக்கலைன்னு சொன்னீங்களே தம்பி, அப்படியே விட்டிருக்கலாமே” என்றார். பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இனி, கடுமையாகவே எழுத வேண்டிய குறை. கருங்கல்லில் குவார்ட்ஸ் உண்டு. அதன் நுண்தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. எங்களுக்கு மூக்கில் கட்டிக்கொள்ளக் கொடுத்தது ஒரு கைக்குட்டை. அது நுண்தூளைத் தடுக்காது. கை உளியால் எழும் தூசி குறைவுதான். ஆனால் பத்தடி தள்ளி, அதே கூரையின் கீழ், வெட்டும் இயந்திரத்தைத் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயில் கற்றையில் தூசி புகை போல் நிற்பது தெரியும். நான் இரண்டாம் வாரத்திலிருந்து என்95 முகக்கவசமும் கண்ணாடியும் வாங்கிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிற எங்கள் கதை வேறு. அங்கேயே வேலை செய்யும் இளைஞர்கள் வாயைத் திறந்து பேசிக்கொண்டே அந்தப் புகையில் நின்றார்கள். இதைப் பட்டறை உரிமையாளரிடம் சொன்னபோது தலையசைத்தார். எட்டாம் வாரம் வரை எதுவும் மாறவில்லை.

மற்றொன்று சிறியது. கல்லைச் சுற்றி ஒரு கரைக்கோடு வெட்டித்தருவதாகச் சேரும்போது சொன்னார்கள். அதை நாம் வெட்டுவோம் என்று நான் புரிந்துகொண்டிருந்தேன். ஏழாம் வாரம் போய்ப் பார்த்தால், எல்லோருடைய கல்லிலும் இயந்திரத்தால் கோடு இழுத்து வைத்திருந்தார்கள். என் கல்லில் கையால் வெட்டிய எழுத்தும் அளவுகோல் வைத்தாற்போன்ற கோடும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றன. சேருபவர்கள் கரைக்கோடு வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் குழுவில் ஒன்பது பேர். ஒரே ஆசிரியருக்கு ஆறு பேருக்கு மேல் ஆகாது. இதையே தொழிலாகக் கற்க விரும்பும் இளையவர்களுக்கு அதே ஊரில் 1957-இல் தொடங்கிய அரசின் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. பட்டறை வகுப்பை அதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். ஒரு சொல்லையாவது தன் கையால் வெட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கே இது. போகிறவர்கள் எழுத்தை உண்மை அளவில் வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள். சுழி நிறைந்த ணகரம், ஞகரம் உள்ள சொல்லை முதல் கல்லுக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். முகக்கவசம் சொந்தமாக வைத்திருங்கள். ஒன்றரை அடிக்கு ஓர் அடி, இரண்டு அங்குலக் கனமுள்ள கல் ஏறத்தாழ 19 கிலோ இருக்கும் என்பதால், கடைசி நாளுக்கு மட்டுமாவது வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

விடைபெறும்போது ஐயா தங்க நிற டப்பாவைக் கையில் எடுத்தார், வேண்டாம் என்றேன். தெற்குப் பார்த்த வாசலில் கல்லைப் பதித்திருக்கிறோம். காலையிலும் மாலையிலும் வெயில் பக்கவாட்டில் விழும்போது, தெருமுனையிலிருந்தே ‘நிழல்’ தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது. ழகரத்தின் காயம்கூடத் தெரிகிறது. நண்பகலில் சன்ஷேடின் நிழல் கல் மேல் இறங்கியவுடன் எழுத்து மறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வரும் கூரியர்காரர் கதவு எண்ணைப் பார்த்துத்தான் மணி அடிக்கிறார்.