சாவிக்கொத்து டார்ச்சும் ஏழு வருட பேட்டரிப் பாடும்

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30 அன்று அடித்தபோது, எங்கள் குலசேகரம் பக்கம் ரப்பர் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. இரண்டாவது ராத்திரி போனும் அணைந்துவிட்டது. பெரிய டார்ச்சை எடுத்தால் உள்ளே பேட்டரி இல்லை. அதற்கப்புறம் சாவிக்கொத்தில் ஒரு சின்ன டார்ச் இல்லாமல் நான் முற்றம் இறங்குவதே இல்லை. ரப்பர் பால் வெட்டும்போது போடும் ஹெட்லைட் தோட்டத்து ஷெட்டில்தான் இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு வீட்டிலிருந்து அதுவரை போக, வழியில் விரியன் கிடக்கிறதா என்று பார்க்க, ஷெட்டுப் பூட்டைத் திறக்க, எல்லாவற்றுக்கும் இந்த விரல் நீள விளக்குதான்.

டார்ச்சுகள் என்னை அவ்வளவாக ஏமாற்றவில்லை. பாடாய்ப் படுத்தியதெல்லாம் பேட்டரிதான்.

முதல் டார்ச்சை 2018-இல் மண்டைக்காடு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது வாங்கினேன். மூன்று பட்டன் செல் போடுவது. சீக்கிரமே மங்கியது. செல்லின் முதுகில் ஏஜி13 என்று இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டு இரண்டு கடையில் இல்லை என்றார்கள். மூன்றாவதாக, தக்கலையில் ஒரு வாட்ச் கடைப் பெரியவர், “மக்களே, ஏஜி13-ம் எல்ஆர்44-ம் ஒண்ணுதான். கம்பெனிக்குக் கம்பெனி பேரை மாத்திப் போடுவான்” என்று எடுத்துத் தந்தார். முன்பு போன இரண்டு கடையிலும் எல்ஆர்44 கண்ணெதிரே தொங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை அவசரத்தில் ஏஜி10 வாங்கிவிட்டேன். அதுவும் அதே 11.6 மில்லிமீட்டர் அகலம், குழாய்க்குள் அழகாக இறங்கும். ஆனால் உயரம் 5.4-க்குப் பதில் 3.1 மில்லிமீட்டர்தான். மூன்று செல்லுக்கும் சேர்த்து ஏழு மில்லிமீட்டர் இடைவெளி. உள்ளே கிடந்து குலுங்கியதே தவிர எரியவில்லை.

அம்மாவின் சாவியில் இருந்தது அமுக்கினால் எரியும் தட்டை டார்ச். அதற்கு சிஆர்2016 இரண்டு வேண்டும். கடையில் சிஆர்2032 ஒன்றைத் தந்து “இதுதான்” என்றார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஏன் உட்காராது? அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2016 என்றால் 1.6 கனம், இரண்டு அடுக்கினால் அதே 3.2. ஆனால் இரண்டு சேர்ந்தால் 6 வோல்ட், ஒற்றை 2032 வெறும் 3 வோல்ட். அம்மாவுக்கு மின்மினி வெளிச்சம்தான் கிடைத்தது. இதையே திருப்பிச் செய்து, ஒரு 2032 போட வேண்டிய டார்ச்சில் இரண்டு 2016 போட்டால் எல்இடி கருகிவிடும். பொடிப்பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இந்தத் தட்டை செல்லைக் கீழே வைக்கவே வேண்டாம். விழுங்கித் தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்துவிடும்.

2019-இல் ஒற்றை ட்ரிபிள் ஏ போடும் அலுமினிய டார்ச்சுக்கு மாறினேன். காரணம், எங்கள் ஜங்ஷன் பெட்டிக்கடையில்கூட “கடிகாரத்துக்கா, ரிமோட்டுக்கா?” என்று கேட்டு ரிமோட் பேட்டரி தந்துவிடுவார்கள். அந்த ஒரு நிம்மதிக்காகவே இதைச் சிபாரிசு செய்வேன்.

அந்த டார்ச்சை ஒரு பேட்டரிதான் கொன்றது. ரீசார்ஜ் செய்யலாமே என்று அண்ணன் மகன் ஆன்லைனில் வரவழைத்துத் தந்தான். “சித்தப்பா, அதே சைஸ்தான்.” சைஸ் அதேதான். மேலே 10440 என்று இருந்தது: 10 மில்லிமீட்டர் விட்டம், 44 நீளம். போட்டுத் திருகியதும் பைக் ஹெட்லைட் போல வெளிச்சம். எதிர்ச் சுவரே வெளுத்துவிட்டது. இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். மூன்று நிமிடத்தில் பிடிக்க முடியாத சூடு. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. வெளிச்சம் ஒரு மாதிரி நீலமாகி, இரண்டு தடவை துடித்து நின்றது. அது லித்தியம் அயான் செல். சாதாரண ரிமோட் பேட்டரி 1.5 வோல்ட், இதுவோ முழு சார்ஜில் 4.2. வெள்ளை எல்இடி எரிய 3 வோல்ட் போல வேண்டும் என்பதால், டார்ச்சுக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் 1.5-ஐ ஏற்றித்தான் கொடுக்கும். வருவதே 4.2 ஆனால் அதைத் தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை. சில டார்ச்சுகள் இரண்டையும் தாங்கும், அட்டையில் அப்படி எழுதியிருக்க வேண்டும். விற்றவர்கள் ‘ட்ரிபிள் ஏ’ என்றே போட்டிருந்தார்கள். வோல்டேஜ் பொடி எழுத்தில் கிடந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்ததும் அதே ரகம்தான் வாங்கினேன். அதில் அல்கலைன் போட்டு, ஒரு ஆனி மழையில் பல வாரம் திறக்காமல் விட்டேன். திருகினால் மரை நகரவில்லை. எப்படியோ திறந்தபோது பேட்டரியின் அடியில் வெள்ளையாகப் பூத்துக் குழாயோடு ஒட்டியிருந்தது. கசிவது காரம் என்பதால் பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தேன், நுரைத்துக்கொண்டு வந்தது. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டேன். அலுமினியத்தில் அரித்த பள்ளம் இன்னும் இருக்கிறது.

இப்போது போடுவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி, 1.2 வோல்ட். குறைவாயிற்றே என்று முதலில் பயந்தேன். வெளிச்சத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, கசியவும் இல்லை. ஆனால் அதன் தலைக்குமிழ் கொஞ்சம் குட்டை. பேட்டரியைத் தலைகீழாகப் போட்டால் சர்க்யூட் போகாமல் இருக்க, இந்த டார்ச்சின் தலைக்குள் ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. குட்டைக் குமிழ் அந்த வளையத்தைத் தாண்டி எட்டவில்லை. டிவி மெக்கானிக் ஒருவர் உள்முனையில் ஒரு துளி ஈயம் வைத்துத் தந்ததும் எரிந்தது. ஆனால் அந்தத் துளியோடு வளையத்தின் பாதுகாப்பும் போய்விட்டது. அதனால் பிளஸ் எந்தப் பக்கம் என்று டார்ச்சின் உடம்பில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். இருட்டில் அது தெரியாது என்பதால், பேட்டரி மாற்றுவதைப் பகலிலேயே முடித்துவிடுகிறேன்.