தப்பி ஓடுவதா, விண்ணப்பிப்பதா, இருந்து போராடுவதா? கிழக்கு ஜெர்மானியர் முன் இருந்த வழிகள்

1961 ஆகஸ்ட் 13-இல் பெர்லின் சுவர் எழத் தொடங்குவதற்கு முன்பு கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேற நினைத்தவர்களுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. இரு ஜெர்மனிகளுக்கும் இடையிலான எல்லை 1952-இலேயே அடைக்கப்பட்டுவிட்டாலும், நான்கு வல்லரசுகளின் பொறுப்பில் இருந்த பெர்லின் நகருக்குள் கிழக்குப் பகுதியில் நகர ரயில் ஏறி மேற்குப் பகுதியில் இறங்கிவிட முடிந்தது. 1957-இல் அனுமதியின்றி நாட்டை விட்டுச் செல்வது குற்றமாக்கப்பட்ட பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. 1949 முதல் சுவர் எழும்பும் வரை ஏறத்தாழ 27 லட்சம் பேர் சென்றிருந்தார்கள். ஒரு கோடியே எண்பது லட்சம் மக்களோடு தொடங்கிய நாட்டுக்கு, அதுவும் மருத்துவர்களும் பொறியாளர்களும் இளைஞர்களுமாகச் சென்றதால், அது தாங்க முடியாத இழப்பு.

சுவர் எழுந்த பின் வந்த 28 ஆண்டுகளில் வெளியேறும் வழிகள் மூன்றாகச் சுருங்கின: உயிரைப் பணயம் வைத்து எல்லையைத் தாண்டுவது, அரசிடமே எழுதிக் கேட்பது, சிறைக்குப் போய் மேற்கு ஜெர்மனியின் பணத்தால் மீட்கப்படுவது. போகாமலே இருந்து எதிர்ப்பது இவற்றுக்கு எதிராக நின்ற நான்காவது வழி. உலகம் நினைவில் வைத்திருப்பது சுவரைத் தாண்டியவர்களைத்தான். ஆனால் விண்ணப்பம் எழுதியவர்களிடமே நீண்ட காலத் துணிவு இருந்தது என்றும், அந்த ஆட்சியை உள்ளிருந்து அரித்ததில் அவர்களின் பங்கு பெரிது என்றும் நான் கருதுகிறேன்.

தப்பி ஓடுவதன் ஒரே சாதகம் வேகம்; வென்றால் ஓரிரவில் எல்லாம் முடிந்துவிடும். 1964 அக்டோபரில் பெர்னவுவர் தெருவுக்கு அடியில் தோண்டிய சுரங்கத்தின் வழியே 57 பேர் மேற்கே சென்றார்கள். 1979 செப்டம்பரில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த எட்டுப் பேர், தாங்களே தைத்த வெப்பக்காற்றுப் பலூனில் துரிங்கியாவிலிருந்து பறந்து பவேரியாவில் இறங்கினார்கள். இத்தகைய வெற்றிகள் பேசப்படும் அளவுக்குத் தோல்விகள் பேசப்படுவதில்லை. 1962 ஆகஸ்டில் சுடப்பட்ட 18 வயது பீட்டர் ஃபெஷ்டர், சுவரின் அடியில் எல்லோர் கண்முன்னும் உதவியின்றிக் குருதி வடிந்து இறந்தார். பெர்லின் சுவரில் மட்டும் குறைந்தது 140 பேர் உயிரிழந்தார்கள். ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீண்ட நாட்டு எல்லையில், 1970-களின் தொடக்கம் முதல் 1984 வரை, வேலியைத் தொட்டாலே தாமாக வெடிக்கும் சுடுகருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. இவற்றையெல்லாம் நெருங்கும் முன்பே பிடிபட்டவர்கள்தான் அதிகம், ஏனெனில் தப்பிக்கத் திட்டமிடுவதே குற்றம், அத்திட்டத்தைக் காதில் வாங்கிய நண்பரோ உறவினரோ ரகசியக் காவல்துறையான ஸ்டாசிக்குத் தகவல் தருபவராக இருக்கக்கூடும். 1979-க்குப் பிறகு கடுமையான வழக்குகளில் எட்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தந்தது.

விண்ணப்பிக்கும் வழி 1975-க்குப் பிறகே பலருக்கும் எட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கிழக்கு ஜெர்மனியின் ஆளும் கட்சித் தலைவர் எரிக் ஹோனெக்கர் ஹெல்சின்கி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். கட்சி நாளேடான நோயஸ் டாய்ச்லாண்ட் அதன் முழு வாசகத்தையும் அச்சிட்டது. மனித உரிமைகளை மதிப்பதாகவும், பிரிந்த குடும்பங்கள் ஒன்றுசேர உதவுவதாகவும் தங்கள் அரசே ஒப்புக்கொண்டிருப்பதை மக்கள் வீட்டில் இருந்தபடியே படித்தார்கள். அந்த வரிகளை மேற்கோள் காட்டி மாவட்ட நிர்வாகத்தின் உள்விவகாரப் பிரிவுக்கு அவர்கள் கடிதம் எழுதத் தொடங்கியபோது, அப்படியொரு விண்ணப்பத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்ற பதில்தான் கிடைத்தது.

அதற்குப் பின் வரும் ஆண்டுகள்தான் இவ்வழியின் உண்மையான விலை. விண்ணப்பித்த ஆசிரியர்கள் வகுப்பறையிலிருந்து நீக்கப்பட்டார்கள். படித்தவர்கள் கல்லறைத் தோட்டத்திலும் கொதிகலன் அறையிலும் வேலை தேட வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு மேல்நிலைக் கல்வி மறுக்கப்பட்டது. சிலரின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு தற்காலிகத் தாளைக் கையில் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு அண்டை நாடான செக்கோஸ்லோவாக்கியாவுக்குக்கூடப் போக முடியாது. மேற்கிலுள்ள ஓர் அமைப்புக்குத் தன் நிலையை எழுதினால் அதுவே சிறைக்குப் போதுமான குற்றம். எப்போது முடியும் என்றோ, முடியுமா என்றோ தெரியாமல், அதே ஊரில், அதே அண்டை வீட்டாரின் நடுவில், அரசின் எதிரி என்று அறியப்பட்டவராக வாழ வேண்டும்.

தப்பி ஓடத் திட்டமிடுபவர் கடைசி நிமிடம் வரை உண்மையுள்ள குடிமகனாக நடிக்க வேண்டியவர். விண்ணப்பம் எழுதியவரோ முதல் நாளே அந்த நடிப்பை விட்டவர். இவ்விரு வழிகளுக்கும் இடையே எனக்கு முதன்மையாகப் படும் வேறுபாடு இதுதான். மறைக்க எதுவும் இல்லாத மக்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். காரின் ஏரியலில் வெள்ளைத் துணி நாடா கட்டியிருந்தால் உள்ளே இருப்பவர் விண்ணப்பித்தவர் என்று பொருள். 1983 கோடையில் யேனா நகரின் சதுக்கத்தில் வெள்ளை உடை அணிந்து, ஒரு சொல்லும் பேசாமல், வட்டமாக நின்றார்கள். 1984-இல் ஏறத்தாழ 35,000 பேரை ஒரேயடியாக அனுப்பிவிட்டால் அழுத்தம் தணியும் என்று அரசு கணக்குப் போட்டது. அவர்கள் போனதைப் பார்த்த மற்றவர்களும் எழுதத் தொடங்கியதால் விண்ணப்பங்கள் மேலும் பெருகின.

மூன்றாவது வழியை வழி என்று சொல்லவே மனம் ஒப்பவில்லை, ஆனாலும் அது இருந்தது. 1963 முதல் 1989 வரை 33,000-க்கும் மேற்பட்ட அரசியல் கைதிகளை மேற்கு ஜெர்மனி விலை கொடுத்து மீட்டது. 1977 முதல் ஒருவருக்கான விலை 95,847 மார்க் என்று நிலைப்பட்டது. பெரும்பகுதி காப்பி, எண்ணெய், உலோகம் போன்ற பொருள்களாகவே தரப்பட்டது. வழக்கறிஞர் வோல்ஃப்காங் ஃபோகல் பேரத்தை நடத்த, கார்ல் மார்க்ஸ் நகரின் சிறையிலிருந்து கைதிகள் பேருந்தில் மேற்கு ஜெர்மனியின் கீசன் வரவேற்பு முகாமுக்குப் போனார்கள். விண்ணப்பத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைவிட இது விரைவானது என்று எண்ணி வேண்டுமென்றே கைதானவர்களும் இருந்தார்கள். ஆனால் பட்டியலில் பெயர் வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தண்டனையை முடித்துக் கிழக்கிலேயே விடுவிக்கப்பட்டவர்களும் உண்டு. சிறு பிள்ளைகள் உள்ளவர் யாரும் இதை எண்ணியும் பார்க்கக் கூடாது என்பேன்.

எவ்வழியே போனாலும், சென்று சேர்ந்த இடத்தில் ஒரு பெரும் நன்மை காத்திருந்தது. மேற்கு ஜெர்மனி அவர்களை அயலாராகக் கருதவில்லை. மொழியும் ஒன்று, குடியுரிமையும் அவர்களுக்கு முன்பே உரியது. மேற்கு பெர்லினின் மாரியன்ஃபெல்டே, கீசன் ஆகிய வரவேற்பு முகாம்களில் மருத்துவச் சோதனையும் விசாரணையும் முடிந்தால் வேலை தேடத் தொடங்கலாம். 1980-களின் முற்பாதியில் இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குச் சென்று புகலிடம் கேட்டார்கள். தன் குடிமக்களைச் சுட்டு நிறுத்திய அதே அரசு, இவர்களைத் தடுக்காமல் மேற்கே அனுப்பியது. அதே சமயம், கிழக்கு ஜெர்மானியருக்கு இயல்பாகக் கிடைத்த வரவேற்பு இவர்களுக்குக் கிடைக்கவில்லை, புகலிட விசாரணையிலேயே ஆண்டுகள் கழிந்தன.

இருந்து போராடுவதைத் தேர்ந்தவர்கள் விண்ணப்பக்காரர்கள்மீது மனத்தாங்கல் கொண்டிருந்தார்கள். நாட்டை மாற்ற வேண்டியவர்கள் தங்கள் மீட்சியை மட்டும் பார்க்கிறார்கள் என்பது அவர்களின் குறை. அதில் நியாயம் இருக்கிறது. 1988 தொடக்கத்தில் கைதான ஓவியர் பெர்பெல் போலே மேற்கே தள்ளப்பட்டார். நிரந்தரமாக வெளியேற மறுத்து, இங்கிலாந்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் கிழக்கு பெர்லினுக்கே திரும்பினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் புதிய மன்றம் என்ற இயக்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். போகக் கிடைத்த வாய்ப்பை உதறிவிட்டுத் திரும்பிய அந்தச் செயலின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதை எல்லாரிடமும் எதிர்பார்ப்பது, ஏற்கெனவே ஓர் அரசு அளவுக்கு மீறிக் கேட்டுவிட்ட மக்களிடம் மேலும் கேட்பதாகும்.

1989 செப்டம்பரில் லைப்சிக் நகரின் நிக்கோலாய் தேவாலயத்தின் முன் இரண்டு முழக்கங்களும் எழுந்தன. "வெளியே போக வேண்டும்" என்று முதலில் கூவியவர்கள் விண்ணப்பித்தவர்கள். சில நாள்களில் "இங்கேயே இருப்போம்" என்ற குரல் அதைவிட வலுத்தது. செப்டம்பர் 11-இல் ஹங்கேரி எல்லையைத் திறந்து ஆயிரக்கணக்கானோரை மேற்கே விட்டிராவிட்டால் அந்த இரண்டாவது குரலுக்கு அவ்வளவு விரைவில் துணிவு வந்திருக்குமா என்பது ஐயமே. அக்டோபர் 9-இல் லைப்சிக்கில் 70,000 பேர் திரண்டபோது, போனவர்களால் கலங்கியிருந்த அரசு இருந்தவர்கள்மீது சுடத் துணியவில்லை. ஹங்கேரி வழியே போனவர்களால், நவம்பர் 9-இல் சுவர் திறந்ததும், விட்டுவந்த வீட்டைப் போய்ப் பார்க்க முடிந்தது. 1984-இல் முறைப்படி வெளியேறியவர்களில் பலருக்கோ பெற்றோரைக் காணக்கூட உள்ளே வர அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அந்த ஐந்தாண்டுகளில் இறந்துபோன தாய் தந்தையரின் அடக்கத்துக்கு அவர்களால் வர முடியவில்லை.